தேதி இல்லாத மூன்று கையெழுத்துகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், சென்னையின் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் என் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தார்கள். அசல், பட்டமளிப்பு விழாவில் வரும் என்றார்கள்.

2. அந்த ஆகஸ்டில் நானும் கணவரும் மூன்று வயது இனியாவும் நெதர்லாந்தில் ஒரு சிறிய ஊருக்கு வந்தோம். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் எனக்கு மூன்று வருட ஒப்பந்த வேலை. தண்ணீரைச் சுத்திகரிக்கும் சவ்வுகளைச் சோதிப்பது. எங்கள் மூவரின் விசாவும் அந்த வேலையோடு கட்டப்பட்டது.

3. அதே மாதத்தில் சென்னையில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. புதியவரைத் தேடும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதில் இணக்கம் ஏற்படவில்லை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

4. துணைவேந்தர் இல்லாததால் பட்டமளிப்பு விழா இல்லை. விழா இல்லாததால் அசல் சான்றிதழ் இல்லை.

5. போன அக்டோபரில் இங்கே எனக்கு நிரந்தர வேலை தர முன்வந்தார்கள். நிபந்தனை: அசல் பட்டச் சான்றிதழ். கெடு: ஒப்பந்தம் முடியும் ஆகஸ்ட் கடைசி நாள்.

6. அப்பா செவ்வாய்க்கிழமைதோறும் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கினார்.

7. ஏழு மாதம் கழித்துச் சான்றிதழ் கிடைத்தது.

8. போன வாரம் அதை ஏற்க முடியாது என்று இங்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் பல்கலைக்கழகம் அல்ல, நான்.

எட்டாவதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஆறாவதும் ஏழாவதும் புரிய வேண்டும்.

*

அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் புடவைப் பிரிவில் நாற்பது வருடம் நின்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கடைசியில் அந்தத் தளத்துக்கே மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றார். இப்போது மந்தைவெளியில் அம்மாவோடு இருக்கிறார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். நூறு புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களிடம் "அடுத்த வாரம் புது சரக்கு வருது, வாங்கம்மா" என்று சொல்லிப் பழகிய பொறுமை அது.

பல்கலைக்கழகத்திலும் அவர் "எப்போ கிடைக்கும்?" என்று கேட்டதில்லை. "நான் என்னைக்கு வரட்டும்?" என்றுதான் கேட்டார். பட்டமளிப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் மல்லிகா மேடத்துக்கு அது பிடித்துப்போனது. "செவ்வாக்கிழமை வாங்க சார், கூட்டம் இருக்காது" என்றார். அப்படித்தான் செவ்வாய்க்கிழமை வந்தது.

சென்னையில் பதினொன்றரை ஆகும்போது இங்கே கோடையில் காலை எட்டு. இனியாவின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் வீடியோ அழைப்பு வரும். முதலில் ஒரு மின்விசிறி தெரியும். பிறகு இரும்பு அலமாரிகள், அவற்றின் மேல் சிவப்பு நாடா கட்டிய கோப்புகள், கடைசியில் அப்பாவின் நெற்றி.

"வந்துட்டேம்மா. அந்தம்மா டீ குடிக்கப் போயிருக்காவ. நீ வேலையப் பாரு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னா நைனா, வந்ததும் வராததுமா பொண்ணாண்ட ரிப்போர்ட்டா?"

அது ஏழுமலை. பிரிவின் அலுவலக உதவியாளர். ஐம்பது வயதிருக்கும். சாந்தோம் பக்கம் வீடு. கோப்பு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவது அவர் கையில்தான்.

"உங்க பொண்ணு ஃபைலு மேலதான் கீது நைனா. கீய வர மாட்டேங்குது."

"மேலன்னா எங்கப்பா?"

"மேலன்னா மேல. எனக்குக் கதவு வரைக்கும்தான் பெர்மிஷன்."

ரொட்டியைக் கடித்தபடி இனியா இதையெல்லாம் பார்ப்பாள். அவளுக்கு ஆறு வயது. தமிழ் புரியும், பதில் டச்சில் வரும். நாங்கள் தமிழில் கேட்க, அவள் டச்சில் சொல்ல, வீடு அப்படியே ஓடுகிறது. முதல் வருடம் திருத்தினேன். இரண்டாம் வருடம் நினைவூட்டினேன். இப்போது இரண்டும் இல்லை.

மார்ச் மாதம் அவளைப் பள்ளியில் விடும்போது ஆசிரியை என்னை நிறுத்தி வாழ்த்துச் சொன்னார். எழுபது வயதில் உங்கள் அப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாராமே, எவ்வளவு அருமை என்றார். இனியா வகுப்பில் சொல்லியிருக்கிறாள்: என் தாத்தா வாரம் ஒரு நாள் பல்கலைக்கழகம் போகிறார், என் அம்மாவின் டாக்டர் பட்டத்துக்காக. ஆசிரியையிடம் மறுக்க எனக்குத் தெம்பில்லை. டச்சில் அதை விளக்க எனக்குப் பதினைந்து வாக்கியம் வேண்டும், அதில் பத்து தப்பாக வரும். "ஆமாம், கடினமான படிப்பு" என்றேன்.

*

அங்கே படித்தபோது எனக்குப் பல்கலைக்கழகம் என்றால் ஆய்வகம், விடுதி, மாலை நாலரைக்கு கேன்டீனில் போண்டா. அதை யார் ஆள்கிறார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அதைச் செவ்வாய்க்கிழமைகளில் அப்பா மூலம்தான் கற்றுக்கொண்டேன்.

மேலே வேந்தர் இருக்கிறார். அன்றாடம் நடத்த வேண்டியவர் துணைவேந்தர். பெரிய முடிவுகளை எடுக்க ஆட்சிக்குழு. அதைத்தான் எல்லோரும் சிண்டிகேட் என்பார்கள். அதற்கும் பெரிதாக, வருடத்துக்கு ஓரிரு முறை கூடும் பேரவை. கீழே பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். தாளில் பார்த்தால் நல்ல வடிவமைப்பு. ஒவ்வொருவரையும் இன்னொருவர் கேள்வி கேட்கலாம். ஆனால் நடுவிலிருக்கும் ஓர் ஆணியைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வடிவமைப்பில் விடை இல்லை. துணைவேந்தர் போனார். அடுத்த வருடம் பதிவாளரும் ஓய்வு பெற்றார். அறைக் கதவுகளில் எல்லாம் பெயருக்குப் பக்கத்தில் 'பொறுப்பு' என்று ஒரு தாள் ஒட்டியிருப்பதாக அப்பா சொன்னார்.

துணைவேந்தரின் இடத்தில் மூவர் குழு ஒன்றைப் போட்டிருந்தார்கள். கோட்டையில் இருக்கும் ஓர் அரசு அதிகாரி, நங்கநல்லூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர், பாலவாக்கத்தில் வசிக்கும் ஒரு பெண் வழக்கறிஞர். வெளிநாட்டில் வேலைக்குக் கட்டாயம் தேவை என்று விண்ணப்பித்தால், விழாவுக்குக் காத்திராமல் இந்த மூவரும் கையெழுத்திட்டுப் பட்டச் சான்றிதழ் தரலாம் என்று சிண்டிகேட் தீர்மானம் போட்டிருந்தது. நான் விண்ணப்பித்தேன். மல்லிகா மேடம் சான்றிதழை அச்சிட்டுக் கோப்பில் வைத்து அனுப்பினார்.

நவம்பரில் கோப்பு பேராசிரியரிடமிருந்து திரும்பியது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: 'மற்ற உறுப்பினர்களின் ஒப்பம் பெற்றபின் முன்வைக்கவும்.' டிசம்பரில் வழக்கறிஞரிடமிருந்து திரும்பியது: 'பிற உறுப்பினர்கள் ஒப்பமிட்டபின் அனுப்பலாம்.' பிப்ரவரியில் அதிகாரியிடமிருந்து: 'ஏனையோர் ஒப்பத்துடன் சமர்ப்பிக்க.'

அப்பா மூன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். "ஏட்டி, மூணு பேரும் ஒண்ணத்தான எழுதிருக்காவ?"

பக்கத்தில் மல்லிகா மேடம் சிரித்தது கேட்டது. போனை வாங்கி அவரே விளக்கினார்.

"பாருங்கம்மா, அவங்க கெட்டவங்க இல்ல. இந்தக் குழு பட்டத்துல கையெழுத்து போடலாமான்னே ஒரு கேஸ் இருக்கு. நாளைக்கு கோர்ட்டு போடக்கூடாதுன்னு சொல்லிடுச்சுன்னா, ஆடிட்ல முதல் கேள்வி என்ன வரும்? முதல்ல யார் போட்டாங்க? முதல்ல போட்டவர்தான் முடிவெடுத்தவர். மத்த ரெண்டு பேர் அவரை நம்பிப் போட்டவங்க. எங்க ஆபீஸ்ல எப்பவும் அப்படித்தான்."

"அப்போ யாருமே முதல்ல போட மாட்டாங்களா மேடம்?"

"மூணு பேரும் ரெண்டாவதா போடத் தயார்ம்மா."

அன்று மாலை அப்பா வீட்டிலிருந்து ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். கேட்டுக்கொண்டே மிதிவண்டியில் வீடு திரும்பினேன். எதிர்க்காற்று, கண்ணில் தூறல். "எங்க கடையில முதல் போணிக்கு ஆளுக்கு ஆள் அடிச்சுக்கிடுவானுவ. விடிஞ்சதும் முதல் பில்லு நம்மளதா இருக்கணும்னு. இங்க முதல் கையெழுத்துக்கு ஆளே இல்லம்மா. முப்பது வருஷம் முந்தித் தெரிஞ்சிருந்தா உன்னைய படிக்க வைக்காம கடையிலயே சேத்துவிட்டுருப்பேன்."

*

இனி என் பங்கு.

எனக்கு இது தெரிந்த சிக்கல். என் சோதனைக் கருவியில் மூன்று வால்வுகள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டு திறந்த பிறகே திறக்கும் என்று கட்டளை எழுதினால் எதுவுமே திறக்காது. வரிசையை நீக்கிவிட வேண்டும். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மல்லிகா மேடத்திடம் இப்படிச் சொன்னேன்:

ஒன்று, கையெழுத்துக் கோடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வேண்டாம், பக்கம் பக்கமாக அச்சிடுங்கள். இரண்டு, கோடுகளுக்கு எண் வேண்டாம். மூன்று, கோப்பு மூவரிடமும் ஒரே நாளில் போய் வரட்டும். கோப்பு நகர்வுப் பதிவேட்டில் ஒரே தேதிதான் விழும். நான்கு, ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழேயும் இருக்கும் 'தேதி' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

மல்லிகா மேடம் நான்காவதில் நின்றார்.

"தேதி இல்லாம எப்படிம்மா?"

"ஒருத்தர் தேதியோட நேரத்தையும் எழுதிட்டா? மறுபடி வரிசை வந்துடும் மேடம்."

"அது சரிதான். சிலபேர் எழுதுவாங்க, முற்பகல் பிற்பகல்னு." கொஞ்சம் யோசித்தார். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல எனக்கு இது தோணலையே. என்ன படிச்சீங்க நீங்க?"

"அதுக்குத்தான் மேடம் சான்றிதழ் கேக்கறேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை. காபி இடைவேளையில் இங்குள்ள சக ஊழியர்களிடம்கூட இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

புதிய தாளை மூவருக்கும் முன்கூட்டிக் காட்டி, சரி என்ற தலையசைப்பு வாங்க மல்லிகா மேடத்துக்கு ஒன்றரை மாதம் ஆனது. மே மாதம் ஒரு வியாழக்கிழமை ஏழுமலை கோப்போடு வண்டியில் கிளம்பினார். அன்று அப்பாவும் அங்கே இருந்தார். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றார். ஏழுமலை பின்சீட்டைக் கையால் தட்டினாராம். "ஏறு நைனா. ஃபைலை மடியில வெச்சுக்கோ. மழ வந்தா சட்டைக்குள்ள சொருவிக்கோ. எனக்கு வண்டி ஓட்ட ரெண்டு கை வோணும்."

விண்ணப்பதாரரின் அப்பா அலுவலகக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது எந்த விதியிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். படிக்கிற உங்களுக்கும் தெரியும்.

அப்பாவின் குரல்பதிவுகள் அன்று அரை மணிக்கு ஒன்றாக வந்தன. ஒன்றில் கடல் காற்று. ஒன்றில் ரயில்வே கேட்டில் நிற்கும் ஹாரன்கள். ஒன்றில் ஏழுமலை யாரையோ திட்டுகிறார்: "இன்னாய்யா, ரோட்டுலயா குடும்பம் நடத்துறே?" ஓரிடத்தில், போய்விட்டுப் பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "அடையாறு பாலத்த நாலு தடவ தாண்டியாச்சுட்டி. அஞ்சாவது தடவ போனா அங்கயே குதிச்சிருவேன்னு இவன் சொல்லுதான்."

சென்னை நேரம் மாலை நாலரைக்குக் கடைசிப் பதிவு. மூன்று கையெழுத்தும் ஆகிவிட்டது.

உடனே அழைத்தேன். "யாருப்பா முதல்ல போட்டா?"

பின்னாலிருந்து ஏழுமலைதான் பதில் சொன்னார். "அத்த மட்டும் கேக்காதம்மா. எனக்கும் நைனாவுக்கும்தான் தெரியும். செத்தாலும் வாயத் தொறக்க மாட்டோம்."

"ஆமாம்மா," என்றார் அப்பா. "அவரு போடுதப்ப கை நடுங்கிச்சு. அத எதுக்குப் போயி சொல்லணும்?"

அவரு என்பதால் வழக்கறிஞர் இல்லை என்று என் மூளை கணக்குப் போட்டது. பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

*

சான்றிதழ் கூரியரில் வந்தபோது லாமினேட் செய்யப்பட்டிருந்தது. அனுப்புவதற்கு முன் லஸ் முனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்பா செய்திருக்கிறார். கடல் தாண்டிப் போகிறது, கசங்கக் கூடாது, ஈரம் படக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக். ஜன்னலோரம் பிடித்தால் பளபளத்தது.

பணியாளர் துறையில் மார்லேன் என்ற பெண்மணி அதை வாங்கிக்கொண்டார். பட்டங்களைச் சரிபார்க்கும் வெளி அலுவலகத்துக்கு அனுப்பினார். போன திங்கட்கிழமை என்னை அழைத்தார். மேசையில் சான்றிதழும் ஒரு கடிதமும் இருந்தன. கடிதத்தின் சாரம்: இந்தப் பட்டம் எந்த நாளில் வழங்கப்பட்டது என்பது ஆவணத்தில் இல்லை. கையொப்பங்களிலும் தேதி இல்லை. தேதியற்ற ஆவணத்தைச் சரிபார்க்க இயலாது.

சான்றிதழை முதல் முறையாகப் படிப்பதுபோல் படித்தேன். 'பட்டமளிப்பு விழா நாள்' என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. விழா நடக்கவில்லையே. கீழே மூன்று கையெழுத்துகள், பக்கம் பக்கமாக, சமமான இடைவெளியில், அழகாக. தாள் முழுவதும் தேடினேன். ஒரு தேதியும் இல்லை. விழாவின் தேதி அங்கே இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. மிச்சமிருந்த மூன்று தேதிகளையும் எடுக்கச் சொன்னது நான்.

மார்லேனுக்கு விளக்கப் பார்த்தேன். துணைவேந்தர் இல்லை என்றேன்.

"துணை இல்லையென்றால் பரவாயில்லையே, வேந்தர் இருக்கிறார் அல்லவா? அவரே போடலாமே."

"வேந்தர் பட்டத்தில் கையெழுத்திடும் வழக்கம் எங்களிடம் இல்லை."

"அப்படியானால் மூன்று வருடமாகப் பல்கலைக்கழகத்தை யார் நடத்துகிறார்கள்?"

மல்லிகா மேடமும் ஏழுமலையும் என்று சொல்லலாம் போலிருந்தது. குழு என்றேன். அவர் குறித்துக்கொண்டார். தேதியை அவர்களே எழுதித் தந்தால் போதும், அல்லது இன்ன நாளில் வழங்கப்பட்டது என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் தேதியிட்டு ஒரு கடிதம் தந்தாலும் போதும் என்றார். பிறகு சான்றிதழின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "ஆனால் இதன் மேல் இனி எழுத முடியாது, இல்லையா?" என்று கேட்டார்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அப்பா அன்றும் அலுவலகத்துக்குப் போயிருந்தார். வேலை முடிந்த பிறகும் போகிறார். மல்லிகா மேடத்தின் ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான், அதுவரை போகலாமே என்கிறார். அம்மா கொடுத்தனுப்பிய அதிரசம் ஏழுமலைக்கு.

நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டார். பின்னால் வெயில்.

"தேதி கேக்குதாவளா?"

"ஆமாப்பா."

"மறுபடி மூணு பேருட்டயும் போணுமோ?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "அது மேல எழுத முடியாதுல்லா?"

"முடியாதுப்பா."

"கசங்கிரக் கூடாதுன்னுதாம்மா பண்ணேன்."

"தெரியும்ப்பா. அதில்லாட்டியும் இதேதான். தேதி எழுதினா யார் முதல்லன்னு மறுபடி வந்துடும். தப்பு என்னோடது."

இனியா காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, நேரமாகிறது என்று டச்சில் சொன்னாள்.

"இன்னொரு வழி இருக்குப்பா. மல்லிகா மேடம் பிரிவோட தாள்ல ஒரு கடிதம் கொடுத்தா போதும். இந்தத் தேதியில வழங்கப்பட்டதுன்னு. அவங்க ஒருத்தரோட கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்."

"அந்தம்மாவுக்கு ஆகஸ்டுல ரிட்டயர்மென்ட்டு. குழுவே தேதி போடாத தாளுக்கு இவுக தேதி போட்டா, நாளைக்கு யாரக் கேப்பாவ? பென்ஷன நிறுத்தி வச்சிருவாவம்மா." குரலைத் தாழ்த்தினார். "நீ கேட்டா அவுக குடுத்துருவாவ. அதான் சொல்லுதேன். கேக்காத."

நேரமாகிவிட்டது என்று சொல்லி அழைப்பை முடித்தேன். இனியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஆய்வகத்துக்குப் போனதும் மல்லிகா மேடத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பணிவாக, நான்கு பத்திகள், கடிதத்தின் வாசகம் உட்பட. அனுப்பவில்லை. வரைவில் வைத்தேன். மாலை அனுப்பலாம் என்று.

*

அன்று மதியம் இங்கே பல்கலைக்கழக மன்றக் கூட்டம். இந்த ஊரில் பல்கலைக்கழகத்தை நடத்துகிறவர்களைக் கேள்வி கேட்க ஒரு மன்றம் உண்டு. பாதிப் பேர் ஊழியர்கள், பாதிப் பேர் மாணவர்கள், எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எங்கள் ஆய்வகத்திலிருந்து யாரும் நிற்க முன்வராததால் நான் போட்டியின்றி வந்தவள். முதல் கூட்டத்தில் மிதிவண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவதா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். இதற்கா ஒரு மன்றம் என்று அப்போது நினைத்தேன். கூரை போட்டார்கள். இப்போது என் மிதிவண்டி நனைவதில்லை.

செவ்வாய்க்கிழமை விஷயம் வேறு. வருடக்கணக்காகக் குறுகிய ஒப்பந்தங்களிலேயே ஆட்களை வைத்திருப்பது ஏன் என்று பல்கலைக்கழகத்தின் மேற்பார்வை வாரியத்துக்கு ஒரு கடிதம். அதன் பதினொரு கேள்விகளையும் எழுதியது நான்தான். பட்டியல் என்றால் என்னிடம் தருவார்கள். கூட்ட முடிவில் கடிதத்தை அச்சிட்டு மேசையைச் சுற்றி அனுப்பினார்கள். தலைவர் கீர்ட், நூலகத்தில் வேலை செய்பவர், தாளை என் முன்னால் வைத்தார். "எழுதியவரே முதலில் போடலாமே."

கையெழுத்துக்கான வெற்று இடம். மேலே ஒன்றும் இல்லை. என் நிரந்தர வேலையில் கடைசி ஒப்புதல் தருகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். முதலில் கண்ணில் படுவது என் பெயராக இருக்கும்.

பேனாவைத் தேடுவதுபோல் பையைத் திறந்தேன். தாளை இடப்பக்கம் நகர்த்தினேன். "நீங்கள் போடுங்கள், நான் பிறகு."

பக்கத்திலிருந்த மாணவி ஒன்றும் யோசிக்காமல் போட்டாள். அடுத்தவர், அதற்கடுத்தவர். தாள் சுற்றி வந்தபோது பத்துப் பெயர் இருந்தது. நான் பதினொன்றாவதாகப் போட்டுவிட்டுத் தாளைத் தள்ளினேன்.

கீர்ட் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தேதி?"

மற்ற பத்துக்கும் தேதி இருந்தது.

காபி இடைவேளையில் நான் சொன்ன தேதி இல்லாத கையெழுத்துக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆனால் அவர் கிண்டலாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தேதி எழுதினேன். எழுதும்போது அப்பா சொன்ன அந்த நடுங்கிய கை நினைவுக்கு வந்தது. அவர் யாராக இருந்தாலும், கோட்டையோ நங்கநல்லூரோ, வெற்றுத் தாளில் போட்டவர். நான் பத்துப் பேருக்குப் பின்னால் போட்டேன்.

அறைக்குத் திரும்பி வரைவில் இருந்த மின்னஞ்சலை அழித்தேன். பிறகு மார்லேனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சுருக்கமாக: சான்றிதழில் தேதிகள் இல்லாததற்கு அந்த அலுவலகம் காரணமல்ல. அவற்றை நீக்கும் யோசனையைச் சொன்னது விண்ணப்பதாரரான நான். யாரும் முதலில் கையெழுத்திட முன்வராததால் அப்படிச் செய்தேன். இதனால் ஆவணத்தின் மீது எழும் ஐயத்துக்கு நானே பொறுப்பு. வாய்மொழித் தேர்வின் அறிக்கையும் தற்காலிகச் சான்றிதழும் தேதியோடு இருக்கின்றன; இவற்றைக் கொண்டு முடிவெடுக்க முடியுமா என்று பார்க்கவும். மல்லிகா மேடத்தின் பெயரை எழுதவில்லை.

தன் பட்டச் சான்றிதழ் தயாரானதில் தானே தலையிட்டதாக ஒருத்தி எழுதிக் கொடுத்தால் அது அவளுக்கு நல்லதா என்று கணவர் கேட்டார். நல்லதில்லை என்றேன். அவர் கிடங்கு வேலைக்கான சட்டையை மாட்டிக்கொண்டே, "சரி, தேதி போட்டியா?" என்றார்.

போட்டிருந்தேன்.

*

இன்றைய நிலை:

மார்லேன் என் கடிதத்தை மேலே அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. ஒப்பந்தம் முடியப் பதினொரு வாரம் இருக்கிறது. முடியாது என்று பதில் வந்தால் செப்டம்பரில் இனியா எந்தப் பள்ளிக்குப் போவாள் என்று எங்களுக்குத் தெரியாது. மந்தைவெளியில் இரண்டு பள்ளிகளின் சேர்க்கை விவரங்களை அம்மா விசாரித்து வைத்திருக்கிறார்.

மேற்பார்வை வாரியம் மன்றத்தின் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சான்றிதழ் என் அலமாரியில், பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. கசங்கவில்லை.

முதலில் கையெழுத்திட்டவர் யார் என்று அப்பா இன்னும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

சென்னையில் துணைவேந்தர் பதவி காலியாக இருக்கிறது.